திறந்தால் தெரியும் இயந்திரம்

பழைய கார்களைப் பேணுவோருக்காக அமெரிக்காவில் 1935-இல் தொடங்கப்பட்ட ஏ.ஏ.சி.ஏ. என்னும் சங்கம், இருபத்தைந்து ஆண்டு நிறைந்த எந்த வாகனத்தையும் தன் வரம்புக்குள் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் காரைச் சொந்தக் கையால் பழுதுபார்த்து ஓட்டுவதிலேயே இன்பம் காண்போர் தேடிப்போவது பெரும்பாலும் அதைவிட மூத்தவற்றை, குறிப்பாக 1930-களுக்கும் 1970-களின் தொடக்கத்துக்கும் இடையில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் உருவானவற்றை. வாலில் சிறகும் முகத்தில் குரோமியமுமாக நிற்கும் அவற்றின் தோற்றம் இதற்கு ஒரு காரணம். அறிவியல் நோக்கில் அதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. அக்காலக் காரில் நடக்கும் ஏறத்தாழ ஒவ்வொரு செயலும் கண்ணுக்கோ காதுக்கோ மூக்குக்கோ விரல் நுனிக்கோ எட்டக்கூடியது. கணிப்பொறியின் துணையின்றி, பானெட்டைத் திறந்து நின்று பார்த்தே எந்த உறுப்பு எதைச் செய்கிறது என்பதை ஒருவர் பின்தொடர முடியும். பழுதுபார்த்தலும் புரிந்துகொள்ளுதலும் அங்கே ஒரே வேலையாகிவிடுகின்றன.

இந்த அத்தியாயம் எடுத்துக்காட்டாகக் கொள்வது 1957-ஆம் ஆண்டின் செவர்லே பெல் ஏர். எட் கோல் என்ற பொறியாளரின் தலைமையில் உருவாகி 1955-இல் வெளிவந்த வி-8 எஞ்சின், அதாவது ஆங்கில 'வி' எழுத்தின் இரு கைகளைப் போலச் சாய்ந்த இரு வரிசைகளில் வரிசைக்கு நான்காக எட்டு சிலிண்டர்கள் அமைந்த எஞ்சின், 1957-இல் 283 கன அங்குலமாக, அதாவது சுமார் 4.6 லிட்டராக வளர்ந்திருந்தது. வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர் கைகளைக் கனமான வார்ப்பாகச் செய்து ஒரு நீண்ட தண்டில் கோப்பதே அன்றைய வழக்கமாக இருக்க, இந்த எஞ்சினில் அவை தகட்டிலிருந்து அச்சடித்து எடுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் தனித்தனி மரையாணியில் நிறுத்தப்பட்டன. வார்ப்புச் சுவர்களும் மெலிந்தன. எட்டு சிலிண்டர் எஞ்சின் அதே நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் எஞ்சினைவிட எடை குறைந்ததாக அமைந்தது. செலவைக் குறைக்கச் செய்த இந்த எளிமைதான் பின்னாளில் பொழுதுபோக்காளருக்குப் பெரும் கொடையாயிற்று. அடிப்படை அமைப்பு மாறாமல் பல பத்தாண்டுகள் தொடர்ந்து தயாரிக்கப்பட்டதால், அறுபது வயதைக் கடந்த எஞ்சினுக்கும் இன்று புதிய பிஸ்டனும் வால்வும் வாங்குவது கடினமன்று.

எஞ்சினின் உச்சியில் அமர்ந்திருக்கும் கார்புரேட்டர், இயற்பியல் பாடம் ஒன்றை உலோகத்தில் வடித்து வைத்தது போன்றது. காற்று ஒரு குழாயில் செல்லும்போது குழாயின் இடை குறுகினால் அங்கே காற்றின் வேகம் கூடும். வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறையும். குறுகிய அந்த இடைக்குப் பொறியாளர்கள் வெஞ்சுரி என்று பெயர் சொல்வர். பக்கத்தில் உள்ள சிறு கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலின் மீது வளிமண்டலத்தின் முழு அழுத்தமும் இருக்க, வெஞ்சுரியில் அழுத்தம் குறைவதால், கிண்ணத்துப் பெட்ரோல் ஜெட் எனப்படும் நுண்துளை வழியாகத் தானே மேலேறி, காற்றோட்டத்தில் தூறலாகக் கலக்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையளவில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். இந்த விகிதத்தைக் காப்பது துளையின் விட்டமும் கிண்ணத்தின் மிதவை எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதும்தான். ஆகவே மிதவையின் கம்பியை ஒரு மில்லிமீட்டர் வளைத்தாலும் எஞ்சினின் நடத்தை மாறும். கலவையில் பெட்ரோல் மிகுந்ததா குறைந்ததா என்பதைக் கழற்றிய ஸ்பார்க் பிளக்கே சொல்லிவிடும்: அதன் நுனியில் கரிப்புகை படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் குறைவு, பால் சேர்த்த தேநீரின் நிறமாக இருந்தால் சரி.

இன்று அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலானதில் பத்து விழுக்காடு வரை எதனால் கலந்திருப்பது இந்தக் கணக்கைச் சற்றுக் குழப்புகிறது. எதனாலின் மூலக்கூறில் ஆக்சிஜன் ஏற்கெனவே இருப்பதால், அது எரிவதற்கு வேண்டிய காற்று குறைவு. பழைய அளவுத் துளையுள்ள கார்புரேட்டரில் கலவை அதனால் மெலிந்துபோகிறது. எதனால் ஈரத்தை ஈர்க்கும், அக்கால ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் ஊதவைத்து இளக்கும். கோடையில் இன்னொரு தொல்லையும் சேரும்: இந்தக் கார்களில் பெட்ரோலை இழுக்கும் பம்ப் எஞ்சினின் மீதே பொருத்தப்பட்டிருப்பதால், டாங்கிலிருந்து வரும் குழாயில் அழுத்தம் குறைந்து, எஞ்சினின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகிவிடும், திரவத்துக்கென அமைந்த பம்ப் ஆவியைத் தள்ள முடியாமல் தவிக்க, கார் நடுவழியில் நின்றுவிடும். சற்று நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடவாதது போல மீண்டும் ஓடும்.

பற்றவைக்கும் அமைப்பு இன்னும் நுட்பமானது. அதன் அடிப்படையை வகுத்தவர், 1912-இன் காடிலாக் கார்களுக்கு மின்சார ஸ்டார்ட்டரையும் தந்த சார்லஸ் கெட்டரிங். அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிய காலத்துத் தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் 'சி.பி. பாயிண்ட்' என்று அழைத்த அதே உறுப்பு, அதாவது மின்னோட்டத்தை இணைத்தும் துண்டித்தும் விடும் தொடுமுனை, இங்கும் நடுநாயகம். காயில் என்பது ஒரே இரும்பு உள்ளகத்தின் மீது சுற்றிய இரு கம்பிச்சுருள்கள். ஒன்றில் சுற்று குறைவு, மற்றதில் பல மடங்கு அதிகம். பாயிண்ட் மூடியிருக்கும்போது பாட்டரியின் மின்னோட்டம் முதல் சுருளில் பாய்ந்து காந்தப்புலத்தை வளர்க்கிறது. பாயிண்ட் திறந்த கணத்தில் மின்னோட்டம் அறுபட, காந்தப்புலம் சரிந்து, அந்தச் சரிவின் வேகமே இரண்டாம் சுருளில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தைத் தூண்டி, பிளக்கின் முனையில் பொறியாய்ப் பாய்கிறது. எட்டு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்றுச் சுழலும்போது இந்த நிகழ்வு நிமிடத்துக்குப் பதினாறாயிரம் முறை நடக்கிறது. ஒவ்வொரு முறையும் காந்தப்புலம் வளரக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியின் நானூறில் ஒரு பங்கு.

இத்தனைக்கும் காவல் நிற்பது, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஓர் இடைவெளி. பாயிண்டைத் தள்ளித் திறக்கும் சிறு நார்க்கட்டை சுழலும் கேமின் மீது உராய்ந்து தேயத் தேய, இடைவெளி சுருங்குகிறது; இடைவெளி சுருங்கினால் பாயிண்ட் பிந்தித் திறக்கும்; பிந்தித் திறந்தால் பொறியும் பிந்தும்; பொறி பிந்தினால் எஞ்சின் சூடேறிச் சோம்பும். மைலேஜ் குறைகிறது, ஏற்றத்தில் கார் திணறுகிறது என்று வரும் முறையீடு பல நேரங்களில் இந்த ஒரு துண்டு நாரின் தேய்மானத்தில் போய் முடியும். பாயிண்டை உள்ளடக்கி, பொறியைச் சிலிண்டர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் உறுப்பு டிஸ்ட்ரிபியூட்டர். செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 1957-இல் கொண்டுவந்த டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் ஒரு சிறு ஜன்னல் வைக்கப்பட்டது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஜன்னலின் உலோகக் கதவை மேலே தூக்கி, அறுமுகச் சாவியை உள்ளே விட்டுத் திருகினால், எஞ்சின் ஓரிடத்தில் தடுமாறி இருமத் தொடங்கும். அங்கிருந்து அரைச் சுற்று பின்னால் திருப்பினால் இடைவெளி ஏறத்தாழச் சரியான அளவில் வந்து நிற்கும். அளவுகோலைக் கண்ணில் காணாமல், காதையே அளவுகோலாகக் கொண்டு செய்யும் இந்த ஒரு திருத்தத்தைப் போல இயந்திரத்துக்கும் மனிதருக்கும் இடையிலான உறவைத் தெளிவாகக் காட்டுவது வேறொன்றில்லை.

காதின் வேலை அத்துடன் முடிவதில்லை. அமெரிக்க வி-8 எஞ்சினின் கனத்த குமுறலுக்கு விசிறிகள் உலகெங்கும் உள்ளனர். அந்தக் குமுறலின் காரணத்தைக் காகிதத்தில் கணக்கிட்டுக் காட்டலாம். எஞ்சினின் இரு சுற்றுகளில், அதாவது 720 பாகையில், எட்டு சிலிண்டர்களும் 90 பாகைக்கு ஒன்றாகச் சீராகவே எரிகின்றன. ஆனால் செவர்லேயில் அவை எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. இதில் ஒற்றைப்படை எண்கள் இடப்பக்கத்திலும் இரட்டைப்படை எண்கள் வலப்பக்கத்திலும் உள்ளவை. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிப் புகைக்குழாய் இருப்பதால், இடப்பக்கக் குழாயில் மட்டும் காது வைப்பவருக்கு வெடிப்புகள் 270, 180, 90, 180 பாகை என்ற ஒழுங்கற்ற இடைவெளிகளில் வந்து சேரும். தாளம் தப்பாமல் அடித்தபடியே நடையை மாற்றும் மிருதங்கம் போல, சீரான எஞ்சினுக்குள்ளிருந்து இந்தச் சீரற்ற துடிப்பு பிறக்கிறது. பிஸ்டன்களின் தள்ளலைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டின் நான்கு முனைகளும் ஒரே தளத்தில் அமையாமல் சிலுவை வடிவில் அமைந்திருப்பதே இதன் மூலம். அதிர்வைக் குறைப்பதற்காகவே 1920-களில் இந்த வடிவம் காடிலாக்கில் கொண்டுவரப்பட்டது. குமுறல் அதனோடு ஒட்டிவந்த விளைவு.

எஞ்சினின் உள்ளே வால்வுகள் வந்து அமரும் இருக்கைகளைப் பற்றிப் பேசும்போது, பெட்ரோலின் வரலாற்றில் ஒரு துயரமான பக்கத்தைத் திறக்காமல் இருக்க முடியாது. கெட்டரிங்கின் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி 1921-இல் கண்ட டெட்ரா எத்தில் ஈயம், பெட்ரோல் வேளைக்கு முன் வெடித்து எஞ்சினைத் தட்டுவதை அடக்கியது. 1923-இல் ஒஹாயோவின் டேட்டன் நகரில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே நியூ ஜெர்சியில் இந்தச் சேர்மத்தைக் கையாண்ட தொழிலாளர்கள் நஞ்சேறி இறந்தனர். ஆயினும் விற்பனை அரை நூற்றாண்டுக்கு மேல் தொடர்ந்தது. பூமியின் வயதைக் கணித்த புவிவேதியியலாளர் கிளேர் பாட்டர்சன், தம் ஆய்வுக்கூடத்துக்குள் எங்கிருந்தோ புகுந்து அளவீடுகளைக் கெடுத்த ஈயத்தின் வழியைத் தேடிப்போய், வளிமண்டலம் முழுவதும் அது பரவியிருப்பதை 1960-களில் உரக்கச் சொன்னார். அமெரிக்கச் சாலைகளில் 1996-இலும், உலகின் கடைசி நாடாக அல்ஜீரியாவில் 2021-இலும் ஈயப் பெட்ரோல் ஒழிந்தது. பழைய கார் வைத்திருப்போர் சிலர் இதை இழப்பாகப் பேசுவதுண்டு. குழந்தைகளின் மூளையில் அந்த உலோகம் செய்த கேட்டை எண்ணினால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

அவர்களின் கவலைக்குத் தொழில்நுட்ப அடிப்படை ஒன்று உண்டு என்பது மட்டும் உண்மை. எரிந்த ஈயத்தின் மெல்லிய படலம் வால்வுக்கும் வார்ப்பிரும்பு இருக்கைக்கும் இடையில் மெத்தையாக இருந்தது; அது இல்லாதபோது, அதிகச் சுமையிலும் வேகத்திலும், சிவக்கச் சூடேறிய வால்வு இருக்கையோடு நுண்ணிய அளவில் ஒட்டி ஒட்டிப் பிய்ந்து, இருக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழியாக்கும். எஞ்சினைப் பிரிக்கும் வேளையில் கடினமாக்கிய எஃகு வளையங்களை இருக்கையில் பதித்துவிட்டால் இச்சிக்கல் நிரந்தரமாகத் தீரும். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மட்டும் நிதானமாக ஓடும் காருக்கு அதுவரை காத்திருப்பதில் தீங்கில்லை. எஞ்சின் ஆயில் தெரிவிலும் இதையொத்த எச்சரிக்கை தேவை. வால்வுகளை இயக்கும் கேமின் மீது தட்டையாக உரசும் பழைய டாப்பெட்டுகளைக் காப்பது துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு சேர்மம். புகையைத் தூய்மையாக்கும் கருவியைப் பாஸ்பரஸ் கெடுப்பதால் இன்றைய ஆயில்களில் அதன் அளவு குறைக்கப்பட்டுவிட்டது. பழைய எஞ்சினுக்கென்றே தயாராகும் ஆயிலை வாங்குவது வீண்செலவன்று.

எஞ்சின் எவ்வளவு கெட்டாலும் மீட்கலாம். காரை உண்மையில் கொல்வது துரு. இரும்பின் மீது ஈரம் படிந்தால் அந்தத் துளியே ஒரு சிறு மின்கலமாகிவிடுகிறது: ஓரிடத்தில் இரும்பு எலெக்ட்ரான்களை இழந்து கரைய, மற்றோரிடத்தில் நீரும் ஆக்சிஜனும் அவற்றை ஏற்க, இடையில் படிவது துரு. நீரில் உப்பு இருந்தால் மின்னோட்டத்துக்கு வழி எளிதாகி வேகம் பெருகும். பனி உருக வேண்டிக் குளிர்காலச் சாலைகளில் உப்புத் தூவும் வட மாநிலங்களில் ஓடிய காரும், அரிசோனாவின் வறண்ட மண்ணில் நின்ற காரும் ஒரே நாளில் ஒரே ஆலையிலிருந்து வந்திருந்தாலும், இன்று ஒன்று சல்லடையாகவும் மற்றது முழுத் தகடாகவும் இருப்பது இதனால்தான். துரு தான் உண்ட இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், இரு தகடுகள் ஒட்டிய இடுக்கில் அது வளர்ந்தால் வெல்டிங் புள்ளிகளையே பிளந்துவிடும். 1957 செவர்லேயில் முன்விளக்குக்கு மேலே புருவம் போல நீண்ட வளைவின் உட்புறத்தில் சக்கரம் வாரியிறைத்த சேறு தங்கும். ஈரம் காயாத அந்த மண்ணுக்குப் பின்னால் உலோகம் உள்ளிருந்து அரிக்கப்பட்டு, வெளியே பெயின்ட் கொப்பளிக்கும் நாளில்தான் தெரியவரும். வாங்க வருபவர் முதலில் விரல் வைக்க வேண்டிய இடம் அது.

துருவை நீக்குவதிலும் அதே மின்வேதியியல் தலைகீழாக உதவும். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நீரும் சிறிது சலவைச் சோடாவும் கரைத்து, துருப்பிடித்த உறுப்பைப் பாட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும் வேண்டாத இரும்புத் துண்டு ஒன்றை நேர்முனையிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் அமிழ்த்தினால், உறுப்பின் மேலெங்கும் நுண்குமிழ்கள் எழத் தொடங்கும். மறுநாள் எடுத்தால் செந்துரு கருமையான மென்பொடியாக மாறி, தூரிகையால் தேய்த்ததும் கழுவிப்போகும். நல்ல இரும்பு கரையாது. குமிழ்களாக எழுவது தீப்பற்றும் ஹைட்ரஜன் என்பதால் இவ்வேலையைத் திறந்த வெளியில் செய்வதும், நேர்முனைக்குத் துருவேறா எஃகைப் பயன்படுத்தாமல் இருப்பதும் கட்டாயம். அதிலுள்ள குரோமியம் கரைந்து நீரைக் கொடிய நஞ்சாக்கும். விறைப்பான ஸ்பிரிங்குகளை இந்தத் தொட்டியில் இடலாகாது, ஹைட்ரஜன் உட்புகுந்து அவற்றை நொறுங்கவைக்கும்.

டிங்கரிங் வேலையில் இன்று எங்கும் பட்டி பூசுகிறார்கள். அக்கால ஆலைகளில் கூரைத் தகடும் பக்கத் தகடும் கூடும் இணைப்பை மறைத்தது ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகம். எழுபது பங்கு ஈயமும் முப்பது பங்கு வெள்ளீயமும் சேர்ந்த கலவை 183 பாகை செல்சியசில் இளகத் தொடங்கி, சுமார் 255 பாகையில்தான் முழுத் திரவமாகும். இடைப்பட்ட வெப்பத்தில் அது குழைந்த வெண்ணெய்ப் பதத்தில் நிற்கும். சுடரை அருகே கொண்டுபோயும் விலக்கியும் அந்தப் பதத்தைக் காத்து, மெழுகு தடவிய மரக்கரண்டியால் செங்குத்தான தகட்டின் மீதே வழித்துப் பரப்பும் கைவினைஞரின் திறமை, பாகு பதம் அறிந்த சமையற்காரரின் திறமைக்குச் சற்றும் குறைந்ததன்று. ஆறியபின் அதை அரத்தால் மட்டுமே ராவ வேண்டும். இயந்திரத்தால் தேய்த்தால் ஈயத்தூள் மூச்சில் ஏறும்.

எல்லாவற்றையும் பழையபடியே காக்க வேண்டும் என்ற பிடிவாதம் பிரேக்கின் முன் வளைந்துகொடுப்பதே நல்லது. 1957 காரில் நான்கு சக்கர பிரேக்குக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே திரவ வழி. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் மிதி தரையில் போய் இடிக்கும். இரு தனி வழிகள் வேண்டும் என்ற அமெரிக்கக் கூட்டாட்சி விதி 1968-இல்தான் வந்தது. டிரம் சூடேறும்போது விட்டம் விரிந்து பிரேக் ஷூவிலிருந்து விலகிப்போகும் என்பதால், நீண்ட இறக்கத்தில் பிடிப்பு தளரும். பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிதில் 205 பாகைக்குக் குறையாத கொதிநிலை கொண்ட சாதாரண வகை, ஈரமேறிய பின் 140 பாகை அளவுக்கு இறங்கிவிடலாம். இரட்டை மாஸ்டர் சிலிண்டரையும் சீட் பெல்ட்டையும் பொருத்துவதால் காரின் மதிப்பு குறைகிறது என்று கண்காட்சி நடுவர் ஒருவர் கருதினால், அந்தக் குறைவை ஏற்றுக்கொள்ளலாம்.

எது அசல் என்பதில் இந்தத் துறையினரிடையே ஓயாத வழக்கு நடக்கிறது. எஞ்சின் வார்ப்பின் பின்புறத்தில் புடைத்து நிற்கும் எழுத்தும் எண்களும் அது வார்க்கப்பட்ட நாளைச் சொல்லும்: 'சி 12 7' என்று இருந்தால், மூன்றாம் எழுத்தாகிய சி மார்ச்சைக் குறிக்க, 12 நாளையும் 7 ஆண்டின் கடைசி இலக்கத்தையும் குறிக்கும். கார் உருவான நாளோடு இந்த நாள் பொருந்தினால் விலை ஏறும். இன்னொரு புறம், 1962-இல் முழுமையான அமெரிக்க வணிகத் தடைக்கு உள்ளான கியூபாவில், பெருவாதுமை என்று பொருள்படும் 'அல்மெண்ட்ரோன்' என்ற செல்லப்பெயருடன் ஓடும் இதே கார்கள் பல, சோவியத் எஞ்சினும் கையால் கடைந்த உறுப்புகளுமாக, நாள்தோறும் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. எண் பொருந்தும் கார் ஓர் ஆவணம். ஹவானாவின் கார் உயிர்தரித்த இயந்திரம். இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது முறையன்று.

குளிர் நாடுகளில் இந்தக் கார்கள் பனிக்காலம் முழுவதும் போர்த்திக் கிடக்கும். இளவேனிலில் முதல்முறை உயிர்ப்பிக்கும்போது, கார்புரேட்டர் கிண்ணத்தின் பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும் என்பதால் பம்ப் அதை நிரப்பும்வரை ஸ்டார்ட்டரைச் சற்று நேரம் சுழற்ற வேண்டும். அதன்பின் ஆக்ஸிலேட்டரை ஒருமுறை முழுதாக மிதித்து விட்டால் இரு செயல்கள் நிகழும்: ஒரு சிறு பீச்சாங்குழல் பெட்ரோலைத் தெளிக்கும், சோக் என்னும் தகடு விடுபட்டு, காற்று வரும் வாயை மூடும். அந்தத் தகட்டை ஆள்வது, வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகப் பட்டைகளை ஒட்டிச் சுருட்டிய ஒரு சுருள். குளிரில் இறுகியிருக்கும் சுருள் தகட்டை மூடியே வைக்க, செறிந்த கலவையில் எஞ்சின் பற்றி, படபடவென்று வேகமாக ஓடத் தொடங்கும். புகைக்குழாயின் சூட்டில் வெதும்பிய காற்று ஒரு மெல்லிய குழாய் வழியே வந்து சுருளைத் தொடத் தொட, அது சிறிது சிறிதாக அவிழ்ந்து தகட்டைத் திறந்துவிடும். சில நிமிடங்களில் தகடு செங்குத்தாக நிமிர்ந்து நிற்க, ஆக்ஸிலேட்டரை இலேசாகத் தட்டியதும் எஞ்சின் வேகம் தணிந்து, இரு குழாய்களிலும் தன் பழைய குமுறலுக்கு இறங்கும்.